நீலகிரி மலைச்சாலையில் ஸ்பிட்ஃபயர்: அறிகுறியைப் பிடித்துக் கோளாறைக் கண்டறிதல்

குன்னூரில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்பது 1968-ஆம் ஆண்டின் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 என்னும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1296 சிசி எஞ்சின், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் இரண்டு எஸ்.யூ. கார்பரேட்டர்கள், முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக், பின்சக்கரங்களில் டிரம் பிரேக். இதன் முன்சக்கர அமைப்பு டிரையம்ஃப் நிறுவனத்தின் ஹெரால்டு காரிலிருந்து வந்தது. அந்த ஹெரால்டையே 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரித்தார்கள். ஆகவே இந்தக் காரை ஒருமுறைகூடப் பார்த்திராத பழைய மேஸ்திரிகள் பலருக்கும் இதன் அடிப்பாகம் கைக்குப் பழகியது. புதுப்பேட்டையிலும் உக்கடத்திலும் பொறுமையாகத் தேடினால் சில உதிரிகள் இன்னும் கிடைக்கின்றன.

தொழிற்சாலைக் கையேடு கடல்மட்டத்தை ஒட்டிய சாலைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும்போது ஏறத்தாழ 1,900 மீட்டர் உயர்கிறோம். அந்த உயரமும், ஓயாத ஈரமும், நீண்ட இறக்கமும் காரிடம் வேறு வகையில் வேலை வாங்குகின்றன. எனவே எந்தப் பாகம் கெட்டது என்று கேட்பதற்கு முன், கோளாறு ஏற்றத்தில் வந்ததா, இறக்கத்தில் வந்ததா, மூடுபனியில் நின்ற பிறகு வந்ததா என்று கேட்டுக்கொள்வதை வழக்கமாக்கிக் கொண்டேன். கீழே உள்ளவையும் அந்த வரிசையிலேயே அமைந்திருக்கின்றன.

வேலையைத் தொடங்குமுன் பாதுகாப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைவீடுகளில் சமதளமான முற்றம் அரிது. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கக் கூடாது. தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, சட்டத்தின் கீழ் ஸ்டாண்டு நிறுத்திய பிறகே உள்ளே போக வேண்டும். குளிர்காலத்தில் கொட்டகைக்குள் கரி அடுப்பு வைத்துக்கொள்ளும் வழக்கம் இங்கே உண்டு. பெட்ரோல் குழாயைக் கழற்றும் நாளில் அந்த அடுப்பு வீட்டுக்கு வெளியேகூட அருகில் இருக்கக் கூடாது.

ஏற்றத்தில் இழுவை குறைகிறது, புகை கறுப்பாக வருகிறது

உயரம் ஒவ்வொரு 300 மீட்டர் கூடும்போதும் எஞ்சினின் சக்தி சுமார் 3 விழுக்காடு குறையும். ஆகவே 75 குதிரைச்சக்தி என்று கையேடு சொல்லும் எஞ்சின், 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 60-க்கும் குறைவாகவே தரும். இந்த அளவு இழப்பு கோளாறு அன்று. இதைச் சரிசெய்யப் புறப்பட்டு நல்ல எஞ்சினைக் கெடுத்தவர்கள் உண்டு. இழப்போடு கறுப்புப் புகையும், பெட்ரோல் வாடையும், பிளக் முனையில் கரிப்பொடியும் சேர்ந்திருந்தால் மட்டுமே பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையைத் தொட வேண்டும். காற்று மெலிந்த அளவுக்குப் பெட்ரோல் குறையாததால், கோயம்புத்தூரில் சரியாக வைத்த கலவை மலைமேல் பெட்ரோல் மிகுந்து கனமாகிவிடுகிறது.

எஸ்.யூ. கார்பரேட்டரில் இதைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. எஞ்சின் நன்றாகச் சூடேறி, ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடும்போது, ஒரு கார்பரேட்டரின் பிஸ்டனை அதற்கான ஊசியால் ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகத் தூக்க வேண்டும். வேகம் ஏறி அப்படியே நின்றால் கலவை கனம்; எஞ்சின் அணைய முற்பட்டால் மெலிவு; சற்றே ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. அடியிலுள்ள அறுமுக நட்டை மேல்நோக்கி ஏற்றினால் பெட்ரோல் வரும் ஜெட் உயர்ந்து கலவை மெலியும், கீழே இறக்கினால் கனக்கும். ஒரு நேரத்தில் ஒரு முகத்துக்கு மேல் திருப்பாமல், திருப்பியதைத் தாளில் குறித்துக்கொண்டு, அடுத்த கார்பரேட்டருக்குப் போக வேண்டும். இதற்கு முன்பே இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்பதை, காதில் ஒரு முனையும் கார்பரேட்டர் வாயருகே மறுமுனையும் வைத்த ரப்பர் குழாயால் கேட்டுச் சமப்படுத்தியிருக்க வேண்டும். இழுப்பு சமமில்லாத நிலையில் கலவையைத் திருத்துவது வீண்வேலை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஊட்டிக்கென்று மெலிதாக்கிய கலவையோடு சமவெளிக்கு இறங்கி வேகமாக ஓட்டினால் எஞ்சின் சூடேறி, தட்டல் சத்தம் எழும்; அதைக் கவனியாமல் விட்டால் எஞ்சினுக்குள் இருக்கும் பிஸ்டன் உருகும். நான் குன்னூர் அளவிலேயே வைத்திருக்கிறேன். கோயம்புத்தூருக்கு அப்பால் போக நேர்ந்தால், புறப்படும்போதே இரண்டு நட்டுகளையும் ஒரு முகம் கீழே இறக்கிவிடுகிறேன்.

வேகத்தை மிதிக்கும் கணத்தில் மட்டும் எஞ்சின் தயங்குகிறது என்றால் அது கலவையின் குற்றமன்று. கார்பரேட்டரின் தலையிலுள்ள மூடியைத் திருகி, உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

ஏறும் வழியில் நின்றுவிட்டது, அரைமணி கழித்துத் தானே கிளம்புகிறது

பர்லியாரில் பழம் வாங்க நிறுத்திவிட்டுத் திரும்பிவந்தால் எஞ்சின் கிளம்பாது. ஓடும்போது வீசிய காற்று நின்றவுடன் எஞ்சினின் சூடு மேலே ஏறி, பம்பிலும் குழாயிலும் கிடக்கும் பெட்ரோலைக் கொதிக்க வைத்துவிடுகிறது. உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் பெட்ரோல் இன்னும் எளிதாக ஆவியாகும். ஆனால் பிளக்கின் பொறிக்கு மின்சாரம் தரும் பாகங்களான காயிலும் கண்டென்சரும் சூடேறினால் இதே அறிகுறியைக் காட்டும் என்பதால், நின்ற இடத்திலேயே இரண்டையும் பிரித்தறிய வேண்டும். முதலில் ஒரு பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடலில் சாய்த்து வைத்து, ஸ்டார்ட்டரைச் சுழற்றிப் பொறியைப் பார்க்க வேண்டும். நீலமாக, சத்தத்தோடு பொறி வந்தால் மின்சாரத்தில் குறையில்லை. மஞ்சளாக மெலிந்து வந்தாலோ வராவிட்டாலோ காயிலையும் கண்டென்சரையும் சந்தேகிக்க வேண்டும். பொறி நன்றாக இருந்தால் பிளக்கை மாட்டிவிட்டு, கார்பரேட்டருக்கு வரும் குழாயின் முனையை ஒரு புட்டிக்குள் விட்டு மீண்டும் சுழற்ற வேண்டும். பெட்ரோல் வராமல் குமிழி மட்டும் வந்தால், பெட்ரோல் ஆவி குழாயை அடைத்துக்கொள்ளும் ஆவிப்பூட்டுதான்.

அப்போதைக்குச் செய்யக்கூடியது, முன்பக்கமாகத் திறக்கும் அந்தப் பெரிய பானட்டை முழுவதும் திறந்துவைத்து, பம்பின்மேல் மட்டும் ஈரத்துணி போட்டுக் காத்திருப்பது. எஞ்சினின் புகை வெளியேறும் சூடான மேனிஃபோல்டில் தண்ணீர் பட்டால் வார்ப்பு வெடிக்கும். நிலையான தீர்வுக்கு, பெட்ரோல் குழாய் சூடான பகுதிகளை ஒட்டிச் செல்லும் இடங்களில் அதை விலக்கிக் கட்டி, கார்பரேட்டர்களுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே வெப்பத் தடுப்புத் தகடு இருப்பதை உறுதி செய்ய வேண்டும். என் கார் என்னிடம் வந்தபோது அந்தத் தகடு இல்லை. கோயம்புத்தூரில் ஒரு தகரப் பட்டறையில் அலுமினியத்தில் வெட்டி வாங்கினேன். அதன்பின் ஒரு முறைகூட பர்லியாரில் நின்றதில்லை.

இன்று பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். 1960-களின் ரப்பர் குழாய்களும் பம்பின் டயஃபிரமும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல; அவை மென்மையாகி, உள்சுவர் உரிந்து, துகள் கார்பரேட்டரின் மிதவைக் கிண்ணத்தின் ஊசியில் சிக்கும். கார்பரேட்டர் பக்கவாட்டில் பெட்ரோல் வழிந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே, இது தீவிபத்துக்கு வழி. எல்லா ரப்பர் குழாய்களையும் எத்தனாலைத் தாங்கும் வகையாக மாற்றிவிடுவது இந்தக் காருக்கு முதலில் செய்ய வேண்டிய செலவு. எத்தனால் ஈரத்தையும் உறிஞ்சும் என்பதால், மழைக்காலத்தில் காரை நிறுத்திவைக்கும்போது டாங்கியைப் பாதியாக விடாமல் நிரப்பி வைக்க வேண்டும்.

தண்ணீர் கொதித்து வெளியே தள்ளுகிறது

ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் எஞ்சின் தண்ணீர் அதற்கு மேல் தாங்குகிறது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு மூடிகூடக் கொதிநிலையைப் பத்து டிகிரிக்கு மேல் உயர்த்தும். மூடியின் ரப்பர் காய்ந்துபோனால் அந்த உதவி போய்விடும். ஆகவே மலையில் தண்ணீர் கொதித்தால் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது விலை குறைந்த அந்த மூடியைத்தான். அதன் பிறகு பெல்ட்டின் இறுக்கம், ரேடியேட்டர் இடுக்குகளில் அடைத்த பூச்சியும் மண்ணும், கடைசியாக, தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் சமவெளிப் பழக்கம் இங்கே உதவாது. குளிரில் எஞ்சின் சூடேறாமலே ஓடித் தேயும். தலைக்குந்தா, அவலாஞ்சிப் பக்கம் உறைபனி விழும் மாதங்களில் தண்ணீரில் உறைதடுப்புக் கூலண்டு இல்லாவிட்டால் எஞ்சின் பிளாக்கே விரிசல் விடக்கூடும்.

இறக்கத்தில் பிரேக் மிதி அமுங்குகிறது

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில், ஏழெட்டு வளைவுகள் தாண்டியதும் மிதி பஞ்சுபோல் அமுங்கியது. இரண்டாவது கியருக்குக் கொண்டுவந்து, கைப்பிரேக்கை மெல்ல இழுத்து, தேயிலைத் தோட்டத்து மதிலோரம் மண்ணில் இறக்கி நிறுத்தினேன். முக்கால் மணி நேரத்தில் மிதி பழையபடி கெட்டியாகிவிட்டது. ஆறியதும் மிதி திரும்பியதே நோயின் பெயரைச் சொல்லிவிட்டது: பிரேக் எண்ணெய் கொதித்திருக்கிறது. நான் அதை மூன்று ஆண்டுகளாக மாற்றவில்லை.

பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். இரண்டு பருவமழையும், இடைப்பட்ட மாதங்களில் மூடுபனியும் உள்ள ஊரில் ஈரம் ஏறும் வேகத்தைச் சொல்லத் தேவையில்லை. அதன் பிறகு ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் முழு எண்ணெயையும் மாற்றிவிடுகிறேன். வலப்பக்க ஸ்டீயரிங் காரில், மிதியின் அழுத்தத்தை எண்ணெய்க்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள இடது பின்சக்கரத்தில் தொடங்கி, அருகிலுள்ளதில் முடிக்க வேண்டும்.

மிதி அமுங்குவது எல்லாம் ஒரே நோய் அன்று. வித்தியாசங்களைக் கால்தான் உணர வேண்டும். கார் நின்றிருக்கும்போதே, காலை ஒரே அழுத்தமாக வைத்திருந்தால் மிதி மெதுவாகக் கீழே போகிறது, வெளியே எங்கும் கசிவும் இல்லை என்றால், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்திருக்கிறது. முதல் மிதிப்பு நீளமாகவும் இரண்டாவது மிதிப்பு உயரத்திலும் நின்றால், பின்பக்க டிரம்மின் பட்டைகள் விலகியிருக்கின்றன. பின்தகட்டிலுள்ள சதுரத் தலைத் திருகைச் சக்கரம் பிடிக்கும்வரை இறுக்கி, தடையின்றிச் சுழலும்வரை சற்றே தளர்த்தினால் போதும். மிதி கல்லைப்போல் கெட்டியாக இருந்தும் கார் நிற்க மறுத்தால், எண்ணெய் நலமே. பட்டைகள் சூட்டில் வழவழத்துவிட்டன. கார் ஒரு பக்கமாக இழுத்தால், இழுக்கும் பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கத்தை முதலில் கழற்றிப் பார்க்க வேண்டும். அங்கே டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பரின் பிஸ்டன் துருவில் இறுகி, வேலை செய்யாமல் நிற்கக்கூடும்.

என் காரின் பிரேக் ஒரே சுற்று. எங்கோ ஒரு குழாய் விட்டுப்போனால் நான்கு சக்கரமும் ஒருசேரப் போய்விடும். எனவே இரும்புக் குழாய்களில் துருவைத் தேடுவதும், வளையும் ரப்பர் குழாய்களை வளைத்து வெடிப்பு பார்ப்பதும் ஒவ்வொரு மழைக்குப் பின்னும் செய்ய வேண்டியவை. கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்குவதென்றால் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவுக்கு முன்பே இரண்டாம் கியரில் இருக்க வேண்டும், பிரேக் வளைவுக்கு வளைவு மட்டும் பேச வேண்டும். பழைய பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்பதால் டிரம் தூசியை வாயால் ஊதக் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

ஸ்டீயரிங் கனக்கிறது, வளைந்தபின் தானே நேராகவில்லை

இந்தக் காரை வைத்திருக்கும் எவரும் அறிந்திருக்க வேண்டிய ஒரே ஒரு செய்தியைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டப்பட்டிருக்கிறது. அந்த மரை டிரன்னியன் என்னும் வெண்கல உறைக்குள் திருகி அமர்ந்திருக்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் தண்டு அந்த மரைக்குள் சுழல்கிறது. உள்ளே எண்ணெய் இல்லாமல் போனால் தண்ணீர் புகுந்து, மரையின் பள்ளத்தில் துரு பிடித்து, ஒருநாள் தண்டு ஒடிந்து சக்கரம் உள்ளே மடிந்துவிடும். சமவெளியில் அது பள்ளத்தில் முடியலாம். கொண்டை ஊசி வளைவில் என்ன ஆகும் என்பதை எழுத விரும்பவில்லை.

அறிகுறிகள் தெளிவாகவே வரும். ஸ்டீயரிங் கனமாகும், வளைவு முடிந்து கையை லேசாக விட்டால் சக்கரம் நேருக்கு வரத் தயங்கும், முழுதும் ஒடித்துத் திருப்பும்போது கீழிருந்து கிறீச்சென்று சத்தம் எழும். இவற்றில் ஒன்று கேட்டாலும் அன்றைய பயணத்தை நிறுத்திவிட வேண்டும்.

டிரன்னியனுக்கு இட வேண்டியது கிரீஸ் அன்று, கியர் எண்ணெய். இ.பி. 90 தரம் போதும். முன்பு நான் காரைக் கொடுத்திருந்த ஒரு பட்டறையில், கிரீஸ் கன் பொருந்துகிற இடமெல்லாம் கிரீஸ் அடித்து அனுப்பினார்கள்; அது மேலே அடைத்து நின்று, கீழுள்ள மரைக்கு எதுவும் போகவில்லை. அடுத்த ஆண்டு மேட்டுப்பாளையத்தில், ஹெரால்டு காலத்திலிருந்து வேலை செய்யும் ஒரு பெரியவர் காருக்கு அடியில் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு கிரீஸ் அடிக்கப்படாதுங்க தம்பி, கியர் ஆயில்தானுங்க போகோணும்" என்றார். இரண்டு பக்கமும் கழற்றிப் பார்த்தபோது, இடது தண்டின் மரையில் செம்மண் நிறத்தில் துரு இருந்தது. தண்டு, டிரன்னியன் இரண்டையும் மாற்றினேன். அந்த இடது தண்டை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறேன். கார் வாங்க யோசிக்கும் நண்பர்களுக்குக் காட்டுவதற்காக.

செய்முறை இது. ஒரு பழைய கிரீஸ் கன்னை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, கியர் எண்ணெய் நிரப்ப வேண்டும். முன்பக்கத்தை உயர்த்தி, சக்கரங்கள் தொங்கும் நிலையில், டிரன்னியனில் உள்ள துளையின் அடைப்பைக் கழற்றி நிப்பிள் பொருத்தி, மேலே தண்டைச் சுற்றிப் புதிய எண்ணெய் கசியும்வரை அடிக்க வேண்டும். பிறகு ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதும் திருப்பி, மீண்டும் சிறிது அடிக்க வேண்டும். மழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை என்று ஆண்டுக்கு இரண்டு தடவை செய்கிறேன். ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடமும் ஆகாது.

மூடுபனிக் காலையில் கிளம்ப மறுக்கிறது

இரவு முழுதும் ஈரத்தில் நின்ற காரில் முதலில் பார்க்க வேண்டியது, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிப்யூட்டரின் மூடி. உள்ளே வியர்த்திருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து, வெயிலிலோ வீட்டுக்குள்ளோ சிறிது சூடேற்றி மாட்டினால் பெரும்பாலும் கிளம்பிவிடும். மறுபடி மறுபடி இதே தொல்லை வந்தால், மூடிக்குள் பென்சில் கோடுபோல் மெல்லிய கரிக்கோடு ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். கோடு இருந்தால் துடைத்துப் பயனில்லை, மூடியை மாற்ற வேண்டும். பிளக் ஒயர்களைச் சோதிக்க இருட்டே நல்ல கருவி. இரவில் விளக்கை அணைத்து, எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால், ஒழுகும் ஒயர் நீலமாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

பல வாரம் நின்றிருந்த காரில் டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் உள்ள பாயிண்ட்டின் முகம் பூத்திருக்கும். மெல்லிய உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்து, பெட்ரோல் நனைத்த அட்டையால் துடைத்து, இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வைக்க வேண்டும். பிளக் இடைவெளி 0.025 அங்குலம்.

கிளட்ச் மிதிக்கும்போது எஞ்சின் அடியில் மந்தமான தட்டல்

மே மாதத்தில் சுற்றுலா நெரிசலில் குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே ஊர்ந்து போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கிளட்ச் மிதியை அழுத்தும் ஒவ்வொரு முறையும் எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்கு தண்டு முன்பக்கமாகத் தள்ளப்படுகிறது. அதைத் தாங்குபவை அரைவட்டமான இரண்டு திரஸ்ட் வாஷர்கள். அவை தேய்ந்து கழன்று விழுந்தால் தண்டு நேராக எஞ்சின் பிளாக்கை அரைக்கத் தொடங்கும். அதன் பிறகு செலவு பல மடங்கு.

சோதனைக்கு ஓர் உதவியாளர் வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு, அவர் கிளட்ச்சை அழுத்தி விடும்போது முன்னேயுள்ள கிராங்கு புல்லியைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும்படி புல்லி முன்னும் பின்னும் நகர்ந்தால் காரை ஓட்டக் கூடாது. சரியான ஆட்டம் 0.004 முதல் 0.008 அங்குலம் மட்டுமே. டயல் கேஜ் இருந்தால் அளந்துவிடலாம். எஞ்சினைக் கீழே இறக்காமலேயே, அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, பின்பக்க மெயின் பேரிங் மூடியை எடுத்து இவற்றை மாற்ற முடியும். வாஷரின் பள்ளம் வெட்டிய முகம் கிராங்கு தண்டைப் பார்க்க வேண்டும். தலைகீழாக மாட்டப்பட்ட வாஷர்கள் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே தேய்ந்துவிடும்.

இன்னும் சில

எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறம் வெண்ணெய்போல் ஒட்டியிருப்பதைப் பார்த்தவுடன் ஹெட் பேக்கிங் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். குளிர் ஊரில் கடைக்கும் வீட்டுக்குமாகச் சிறு தூரம் ஓடும் எஞ்சினில் ஆவி குளிர்ந்து அப்படிப் படியும். ஒரு மணி நேரம் நன்றாக ஓட்டிய பின் அது மறைந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறையாமல் இருந்தால் அஞ்சத் தேவையில்லை. தண்ணீர் குறைகிறது, ரேடியேட்டரில் ஓயாமல் குமிழி வருகிறது என்றால் அப்போது பேக்கிங்.

கிளம்பும் கணத்தில் பின்னாலிருந்து "டக்" என்று கேட்டால் பின் அச்சின் யுனிவர்சல் ஜாயிண்ட்டைக் கையால் முறுக்கிப் பார்க்க வேண்டும். சிறிது ஆட்டம் இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரைத் திடீரென விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கிப் பின்பக்கம் வழுக்குவது இந்தக் காரின் பின் அச்சு அமைப்பின் இயல்பு. அதற்கு ஸ்பேனரில் மருந்தில்லை, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பதே வழி.

ஐடிலில் டாஷ்போர்டின் சிவப்பு விளக்கு மினுக்கினால், பேட்டரியைச் சார்ஜ் செய்ய டைனமோ உள்ள கார்களில் அது இயல்பே. வேகம் கூட்டியும் அணையாவிட்டால் முதலில் பெல்ட், பிறகு டைனமோவின் கார்பன் பிரஷ், அதற்குப் பின் ரெகுலேட்டர். மூடுபனியில் முகப்பு விளக்கும் வைப்பரும் சேர்ந்து ஓடும் மாலைகளில் டைனமோ தருவதைவிடச் செலவு கூடிவிடும் என்பதால், அப்படிப்பட்ட பயணத்தின் மறுநாள் பேட்டரியைச் சார்ஜரில் போட்டுவிடுகிறேன்.